பாறை இடுக்கில் கிடைத்த கட்டி

இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு திமிர் உண்டு. எந்த உலோகத்தைக் கையில் கொடுத்தாலும் இன்னதென்று சொல்லிவிடுவேன் என்கிற திமிர். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு. நெல்லித்தோப்பில் என் கடைக்கு வந்து யாராவது பித்தளைக் குழாய் கேட்டால், அசல் பித்தளைக்கும் முலாம் பூசியதற்கும் என்ன வித்தியாசம் தெரியுமா என்று நான் ஆரம்பித்துவிடுவேன். வந்தவருக்கு வீட்டில் தண்ணீர் ஒழுகுவது நிற்கவேண்டும், அவ்வளவுதான். உங்க கடையில சாமான் வாங்கணும்னா பரீட்சை எழுதிட்டுத்தான் வாங்கணும் போல இருக்கு என்பாள் என் மனைவி.

அந்தத் திமிருக்குத் தீனி போட ஒரு மெஷின் வந்து சேர்ந்தது. என் பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பிள்ளை, பாரிஸ் பக்கம் இருக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டுகிற மெட்டல் டிடெக்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். திரும்பும்போது அவன் அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாயும் வடகமும் பெட்டியில் எடையைக் கூட்டிவிட்டன. எதை விட்டுவிட்டுப் போவது என்று பார்த்தான். அம்மாவோடு சண்டை போட அவனுக்குத் தைரியம் இல்லை. மெஷின் என் வீட்டுக்கு வந்தது.

காலையில் சுபுஹு தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்ததும் ஸ்கூட்டரில் கடற்கரைக்குப் போய்விடுவேன். காதில் ஹெட்போன், கையில் நுனியில் வட்டத் தட்டு வைத்த கம்பி. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் என்னை முனிசிபாலிட்டி ஆள் என்று நினைத்தார்கள், கொஞ்ச நாளில் கழன்ற கேஸ் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பீர் மூடிகளும், ஊர் சுற்ற வந்தவர்கள் தொலைத்த சாவிகளும்தான் நிறையக் கிடைக்கும். அவற்றில் எனக்கு ருசி இல்லை. சாவி சாவிதான், அதைக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? உருத்தெரியாமல் போன கட்டிகள் என்றால்தான் எனக்கு உயிர்.

கட்டியை இனம் காண ஒரு முறை இருக்கிறது. முதலில் கையில் தூக்கிப் பார்க்கவேண்டும். அளவுக்கு மீறிக் கனத்தால் ஈயம். வெள்ளைத் தாளில் இழுத்தால் பென்சில் மாதிரிக் கோடு விழும். பெரும்பாலும் அது மீன் வலையில் கட்டுகிற குண்டு. தக்கையாக இருந்தால் அலுமினியம். யாரோ கரையில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துவிட்டு டின்னை அதிலேயே போட்டிருப்பார்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு. அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் பித்தளை மஞ்சள் காட்டும், செம்பு சிவப்புக் காட்டும். எதற்கும் மசியாவிட்டால் ஆசிட். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்தான். ஒரு சொட்டு விட்டால் பொங்கும், இல்லை நிறம் மாறும், என்னவாவது ஒன்று நடக்கும். இப்படி இனம் பிரித்த கட்டிகளைக் காலி பிஸ்கட் டின்களில் போட்டு அலமாரியில் அடுக்கினேன். கடையில் ஒரு காயலாங்கடை, வீட்டில் ஒன்று, மூன்றாவது எங்கே திறக்கப் போகிறீர்கள் என்று மனைவி கேட்டாள்.

ஒரு கோடைக்காலத்தில் கடல் நன்றாக உள்வாங்கியிருந்த காலை நேரம். குருசுக்குப்பம் பக்கம், அரிப்பைத் தடுக்கப் பாறை கொட்டியிருக்கிறார்களே, அந்தப் பாறைகளுக்கு நடுவே திட்டுத் திட்டாக மணல் தெரிந்தது. அதில் ஓர் இடுக்கில் மெஷின் காது கிழியக் கத்தியது. குனிந்து கையை விட்டுத் தோண்டினேன். முழங்கை வரை போனது. கைக்கு அடங்குகிற ஒரு கறுப்புக் கட்டி வந்தது. மேலெல்லாம் மணலும் சிப்பியும் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்றும் ஒட்டி இறுகிப் போயிருந்தன. நல்ல கனம். நான் அங்கேயே பிஸ்மில்லா சொல்லிப் பையில் போட்டேன்.

கடையில் வைஸில் இறுக்கி, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி மேல்பூச்சைக் கழற்றினேன். சாம்பலும் வெள்ளையுமாகச் செதில் செதிலாக உதிர்ந்தது. உதிர்ந்ததை எல்லாம் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டேன். உள்ளே இருந்த சாமான் என்னைப் பேச்சில்லாமல் செய்துவிட்டது. துளி துரு இல்லை. ஒரு பக்கம் வழவழவென்று வளைந்து இரண்டு மேடாகப் பிரிந்திருந்தது. மறுபக்கம் சொரசொரப்பாக, எதையோ கவ்விப் பிடிக்க வெட்டியது போல இருந்தது. காந்தம் ஒட்டவில்லை. தாளில் கோடு விழவில்லை. அரம் வைத்தேன், வழுக்கிக்கொண்டு போனது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னிடமே உன் வேலையைக் காட்டுகிறாயா என்று இருந்த பலத்தை எல்லாம் கொடுத்து இழுத்ததில், ஓரத்தில் நாலைந்து கோடு விழுந்தது. அப்புறம் பிளாஸ்டிக் மக்கில் ஆசிட்டை ஊற்றி அதில் ஊறப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் எடுத்தால் முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது.

தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வாய் வருமா? வெள்ளைக்காரன் கப்பலில் இருந்து விழுந்த பாகம், அந்தக் காலத்து வேலைப்பாடு, இப்போது எவனும் இப்படி வார்க்க முடியாது என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் அளந்துவிட்டேன். கேட்டவர்களும் கையில் வாங்கிப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். அந்தப் பெருமை ஒரு வாரம் ஓடியது. அதற்கப்புறம் மனைவி, ஒன்று அது இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்கிற கட்டத்துக்கு வந்துவிட்டாள்.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் கணவர் மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அதற்கு முந்தின ஐப்பசி மழைக்காலத்தில் அண்ணன் இறந்துவிட்டார். ஒரே மகன், பெங்களூரில் வேலை. அக்கா தனியாகத்தான் இருந்தார். காற்று அடித்தால் அவர் வீட்டு பால்கனிக் கதவு படார் படாரென்று அடித்துக்கொள்ளும், கீழே எங்களுக்குத் தூக்கிப் போடும். நான் அந்தக் கட்டியைக் கொண்டுபோய், இந்தாங்கக்கா, கப்பல் சாமான், கதவு அடிக்காம அண்டை கொடுங்க என்று கொடுத்தேன். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக் கதவடியில் வைத்தார். கதவு அடங்கியது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு இறங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகையில், நெற்றியைத் தரையில் வைக்கிற சஜ்தாவில் இருந்து எழும்போது என் வலது முட்டி சுருக்கென்றது. உட்கார்ந்தபடி உள்ளங்கையால் முட்டியைப் பொத்திப் பிடித்தேன். உள்ளங்கைக்குள் அந்தக் கட்டியின் வளைவு இருந்தது. ஒரு வாரம் முழுக்க எல்லாருக்கும் காட்டிக் காட்டி என் கைக்குப் பழகிப்போன வளைவு. எனக்கு முன் வரிசையில், முட்டி ஆபரேஷன் ஆன பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தேன். அப்புறம் இமாம் ஓதியது எதுவும் என் காதில் விழவில்லை.

அண்ணனுக்கு வலது முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மகன் ஊரில் இல்லாததால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டர் மேசையில் மாதிரிக்கு ஒரு முட்டி வைத்திருந்தார். பிளாஸ்டிக் எலும்பு, அதன் மேல் உலோகத்தொப்பி. நான் அதை எடுத்து உருட்டிப் பார்த்து, இது ஸ்டீலா என்று கேட்டு, டாக்டர் இல்லை என்று ஏதோ ஒரு கலப்பு உலோகத்தின் பெயரைச் சொல்ல, அதற்கும் ஒரு கருத்துச் சொன்னேன். அண்ணன் அக்காவைப் பார்த்து, பாய் இருந்தா டாக்டருக்கே பாடம் எடுப்பாரு என்றார். அந்த முட்டியைக் கையில் பிடித்தவன்தான் இதை வைஸில் இறுக்கிச் சுத்தியலால் தட்டியிருக்கிறேன்.

எப்படித் தோன்றாமல் போனது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டு மவுத்துகளில் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, மண்ணுக்குள் வைத்துவிடுவோம். ஒரு குண்டூசிகூட உடன் போகாது, வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். கடல் கொண்டுவந்து போடுகிற உலோகம் ஒரு மனிதரிடமிருந்து வந்திருக்கும் என்று எனக்கு உறைத்ததே இல்லை. அண்ணனின் பாடைக்கு நான் தோள் கொடுத்தேன். சுடுகாடு வரை போனேன். மறுநாள் எலும்பு பொறுக்கிக் கடலில் கரைப்பது குடும்பத்துக் காரியம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு அக்கா மகனிடம் சொன்னதைப் படியில் நின்று கேட்டேன். "அந்தப் பாறையில மட்டும் விட்டுட்டு வந்துடாதடா. நாயி இழுக்கும். படகு வெச்சி நடுக்கடல்ல கொண்டு போயி கரைச்சிட்டு வா." மகன் தலையாட்டிவிட்டுப் போனான். படகில் போய்க் கரைத்துவிட்டதாக வந்து சொன்னான். அந்த ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா எழுந்து நடமாடினார். சாயங்காலம் கடற்கரைக்குப் போனால் என் மனைவியிடம் தூரத்தைக் காட்டி, அங்க இருக்காரு, நல்லா இருக்காரு என்பாராம்.

அப்படியானால் இது வேறு யாரோ. வேறு யாராவது ஒருவருடையது என்று நினைத்தால்கூட ஒரு ஆறுதல் வரும் நிலைக்கு வந்துவிட்டேன், பாருங்கள். அந்த ஆறுதலை உறுதி செய்துகொள்ளத்தான் மகனுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைத்து, அன்றைக்கு எந்த இடத்தில் கரைத்தாய் என்று கேட்டேன். அன்னிக்கி மழை அங்கிள் என்று ஆரம்பித்தான். அப்புறம் உடைந்துவிட்டான். கடல் பொங்கிக்கொண்டிருந்தது, படகுக்காரர்கள் யாரும் வரமாட்டோம் என்றுவிட்டார்கள், பானையோடு மழையில் எவ்வளவு நேரம் நிற்பது, குருசுக்குப்பத்துப் பாறையில் இறங்கிக் கவிழ்த்துவிட்டேன் அங்கிள் என்று அழுதான். "கனமா என்னமோ ஒண்ணு மொதல்ல விழுந்துச்சி. பாறையில பட்டு சத்தம் கேட்டுச்சி. அது இன்னும் எனக்குக் கேக்குது" என்றான். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டாங்க என்று கெஞ்சினான். என் உசுரு போனாலும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு என்ன கிடைத்தது என்பதையும் அவனிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு முழுக்கக் கடையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வைஸைப் பார்க்கவே பிடிக்கவில்லை. துடைப்பத்தால் கூட்டி அள்ளினேனே, அந்தச் செதில்களில் எது சிப்பி, எது அண்ணன்? குப்பை வண்டி எப்போதோ போய்விட்டது. என் முட்டியில் ஒரு சுருக்கு வந்ததற்கே முகம் சுளித்தேன். அவர் முட்டியை ஆசிட்டில் ஊறப் போட்டுவிட்டு வீட்டில் பிரியாணி சாப்பிட்டேன். யா அல்லா, தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஒரு இரும்புக்கடைக்காரனுக்கு வாய் கூசியது.

ஒரு வழி தோன்றியது. கடையில் இருந்து ரப்பர் வைத்த புதுக் கதவுத் தடுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போவது. இது நல்லா இருக்கும் அக்கா என்று மாற்றிக் கொடுத்துவிட்டுக் கட்டியை வாங்கி வந்து, படகு பிடித்து, அக்கா ஆசைப்பட்டபடி நடுக்கடலில் சேர்த்துவிடுவது. யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். மகன் சொன்னது அதோடு உண்மையாகிவிடும். இதைவிட நல்ல வழி இன்றைக்கு யோசித்தாலும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா காபி போட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் தடுப்பைக் காட்டினேன். எதுக்கு பாய் புதுசு, அதுவே நல்லாத்தானே இருக்கு என்றபடி வந்தவர், பாதி சாத்தியிருந்த பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு, கீழே கிடந்த கட்டியைக் கால் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளிக் கதவடியில் சேர்த்தார். தினமும் செய்கிறவர் செய்கிற சாதாரணத் தள்ளுதான். எதிர்ச் சுவரில் அண்ணன் படம், பூ போட்டிருந்தது. அண்ணன் இருந்தவரை நடக்கையில் தெரியாமல் அவர் மேல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுஷி அவர்.

"காலால தள்ளாதீங்கக்கா" என்று கத்திவிட்டேன்.

அக்கா திடுக்கிட்டுப் பார்த்தார். ஏன் என்று கேட்டார். அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கப்பல் சாமான், ராசி, சாமி என்று எதையாவது உளறியிருக்கலாம். ஒரு வாரம் ஊருக்கெல்லாம் கதை அளந்த வாய் அது. ஆனால் எனக்கு அப்போது இருந்த பாரத்தை இறக்கி வைக்க இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது. குனிந்து அதைக் கையில் எடுத்து, இது அண்ணன் முட்டி அக்கா என்றேன். பாறை இடுக்கில் கிடைத்தது, தட்டியது, ஆசிட் ஊற்றியது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கு லேசாகிக்கொண்டே வந்தது. அது எவ்வளவு கேவலம் என்று அப்போது தெரியவில்லை.

அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. ஓரத்தில் இருந்த கோடுகளை விரலால் தடவி இது என்ன என்று கேட்டார். அரம் வெச்சேன்கா என்றேன். சரி என்பது போலத் தலையாட்டினார். அப்புறம் நிமிர்ந்து, பாறையிலயா கெடந்துச்சி என்று கேட்டார். அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது.

கடல்தானேக்கா, அலை அடிச்சிக் கொண்டாந்து போட்டிருக்கும் என்றேன். இவ்வளவு கனமா இருக்கறத அலை கொண்டாருமா என்று கேட்டார். இரும்பு விற்கிறவனிடம் கேட்கிறார். நான் ரப்பர் தடுப்பைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவன்கிட்ட பேசினீங்களா என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தக் கட்டியை விடாமல் கையில் வைத்தபடியே திரும்பி வந்தார்.

"அவன் பொய் சொன்னது நான் நல்லா இருக்கணும்னு. நீங்க நெஜத்த சொன்னது யாரு நல்லா இருக்கறதுக்கு பாய்?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். தெரிந்துகொள்வதற்காகக் கேட்பவர் போலத்தான் கேட்டார். அப்புறம் அவரே, எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம், வேலைக்குப் போகிற பிள்ளை, இதையே நினைத்துக்கொண்டிருப்பான் என்றார். இன்னொரு வாக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாரே தவிர, அதை அவர் பெரிதாக நம்பியதாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் அதைத் தன்னிடமே வைத்திருந்தார். பிறகு கூப்பிட்டு அனுப்பினார். கழுவி, மஞ்சள் தடவி, புதுத் துணியில் கொஞ்சம் அரிசியோடு முடிந்து வைத்திருந்தார். உங்க கையாலயே கொண்டு போயி விட்டுடுங்க என்றார். கூட வருகிறீர்களா என்று கேட்டேன். வரவில்லை என்றார்.

குருசுக்குப்பத்தில் எஞ்சினுக்கு போல்ட் நட் வாங்க என் கடைக்கு வருகிற ஒருவர் படகு வைத்திருக்கிறார். விடியற்காலையில் அவரோடு போனேன். மடியில் இருந்த துணி முடிச்சைப் பார்த்து அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. பாதி வழியிலேயே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி. இங்கயே போடுங்க பாய், போதும் என்றார் அவர். இன்னும் போ, இன்னும் போ என்றேன். திரும்பிப் பார்த்தால் கட்டடமும் இல்லை, மரமும் இல்லை, சுற்றிலும் தண்ணீர் மட்டும்தான். அங்கே நிறுத்தச் சொன்னேன். அக்கா வீட்டு முறையில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததை ஓதி, மாப்புக் கேட்டு, முடிச்சைத் தண்ணீரில் விட்டேன். சத்தமே இல்லாமல் இறங்கிப் போனது.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. நேரே மேலே ஏறிப் போனேன். அக்கா கதவைத் திறந்தார்.

"போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்கா. நடுக்கடல்ல. திரும்பிப் பாத்தா கரையே தெரியல."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. என் முகத்தில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

"கரையே தெரியலைன்னு அவனும் இதையேதான் பாய் சொன்னான்" என்றார்.